ஸ்கிப்பில் கிடந்த ரெக்கார்டு பிளேயர்: ஒரு பெட்டிக்கு வயது கணித்த கதை

இங்கே இங்கிலாந்தில் ஒரு வீட்டைக் காலி செய்கிறார்கள் என்றால் வாசலில் ஒரு பெரிய இரும்புத் தொட்டி வந்து உட்கார்ந்துவிடும். ஸ்கிப் என்று பெயர். லாரியில் கொண்டுவந்து இறக்குவார்கள், நிறைந்ததும் தூக்கிக்கொண்டு போவார்கள். நடுவில் அக்கம்பக்கத்துக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகத் தங்கள் பழைய மெத்தையை அதில் போட்டுவிடுவது ஒரு தனி மரபு. லண்டனுக்கு மேற்கே ரெடிங் ஊரில், எங்கள் தெருவில், போன வருடம் அப்படி ஒரு தொட்டி நின்றது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எண்பது வயது. மகன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஃப்ளாட்டுக்குப் போகிறார். மகன்தான் சாமான்களைக் கொண்டுவந்து தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்.

அதில் ஒரு பெட்டி. சிவப்பும் வெள்ளையுமாக ரெக்ஸின் ஒட்டியது, மூடியில் கைப்பிடி. சூட்கேஸ் என்றுதான் முதலில் நினைத்தேன். முன்பக்கம் துணி வலையும் இரண்டு குமிழ்களும் தெரிந்தபோதுதான் ரெக்கார்டு பிளேயர் என்று புரிந்தது. எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "அது ஓடி நாற்பது வருஷம் இருக்கும். உனக்கு வேணும்னா எடுத்துக்கோ. என் பதினாறாவது பிறந்தநாளுக்கு அப்பா வாங்கித் தந்தது" என்றார் அந்த அம்மா. 1960 ஏப்ரல், என்று தேதியோடு சொன்னார்.

(ரெக்ஸின் என்பது மான்செஸ்டர் பக்கத்தில் ஹைட் என்ற ஊரில் இருந்த ஒரு கம்பெனியின் வணிகப் பெயர். நம்ம ஊரில் ஆட்டோ சீட்டிலிருந்து ஸ்கூல் பை வரைக்கும் அதுதான் பெயர். இங்கே இன்று இளைஞர்களிடம் ரெக்ஸின் என்று சொன்னால் விழிக்கிறார்கள்.)

நான் படித்தது பிஇ, பார்ப்பது சாஃப்ட்வேர் வேலை. காலேஜில் வால்வு என்பது எலக்ட்ரானிக்ஸ் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் வந்து போகும் ஒரு பத்தி, அவ்வளவுதான். ஆகவே இதை ஒரு நிபுணரின் கட்டுரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு இந்தப் பெட்டியில் ஆர்வம் பாட்டுக் கேட்பதைவிட அதைப் படிப்பதில்தான் இருந்தது. யார் செய்தது, எப்போது, எதை மிச்சம் பிடித்து இதை இவ்வளவு மலிவாக்கினார்கள்? பெயர்த் தகடு பிய்ந்து போயிருந்தது. பசை அடையாளமும் இரண்டு ஓட்டைகளும்தான் மிச்சம். பெயர் இல்லாத பெட்டி என்பதாலேயே அதன் உள்ளே இருப்பதை வைத்துத்தான் பேச வேண்டியிருந்தது.

1952 ஏன்?

இந்த வகைப் பெட்டிக்கு பிரிட்டனில் பொதுப்பெயராகவே ஆகிவிட்ட சொல் டான்செட். நாம் எந்த நகல் இயந்திரத்தையும் ஜெராக்ஸ் என்பது போல. ரஷ்யாவிலிருந்து வந்த யூதக் குடியேறி மாரிஸ் மார்கோலின், தொழில் மரப்பெட்டி செய்வது. அவர் குடும்பத்தின் ஜே அண்ட் ஏ மார்கோலின் என்ற லண்டன் நிறுவனம் 1952ல் முதல் டான்செட்டை விற்றது. விலை 33 கினி. ஒரு கினி என்றால் 21 ஷில்லிங், ஆக 34 பவுண்டு 13 ஷில்லிங். அன்றைக்கு ஒரு ஆலைத் தொழிலாளிக்கு ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம். அடுத்த இரண்டு பத்தாண்டுகளில் பத்து லட்சத்துக்குக் குறையாமல் விற்றார்கள்.

ஏன் 1952? எனக்கு இது தற்செயலாகப் படவில்லை. அதுவரைக்கும் உலகம் முழுக்க ஒரே வேகம், 78. அமெரிக்காவில் கொலம்பியா 1948ல் 33⅓ வேக எல்பி தட்டைக் கொண்டுவந்தது. போட்டிக்கு ஆர்சிஏ 1949ல் 45 வேகச் சின்னத் தட்டு. பிரிட்டனில் டெக்கா 1950ல் எல்பிக்கு மாறியது, இஎம்ஐ 1952 வரை இழுத்தடித்துவிட்டு வந்தது. ஆக 1952ல் ஒரு பிரிட்டிஷ் குடும்பத்தின் கையிலிருந்த கிராமபோன் பெட்டி எல்லாமே ஒரேயடியாகப் பழசாகிப்போனது. புதுத் தட்டு வாங்கினால் அதில் ஓடாது. அதே வருடம் நவம்பரில்தான் நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் பத்திரிகை முதல்முறையாக விற்பனையை வைத்துப் பாட்டுகளுக்கு வாராந்திர வரிசை போட ஆரம்பித்தது. தட்டு, பெட்டி, வரிசைப் பட்டியல் மூன்றும் ஒரே வருடத்தில் கிளம்பியிருக்கின்றன.

பெட்டி மார்கோலின் உடையதுதான், ஆனால் அதன் உயிர் வேறு இடத்திலிருந்து வந்தது. பர்மிங்காம் பக்கம் ஓல்ட் ஹில் என்ற ஊரில் டேனியல் மெக்லீன் மெக்டொனால்ட் 1932ல் தொடங்கிய பிஎஸ்ஆர் கம்பெனி, தட்டுகளைத் தானாக ஒன்றன்மேல் ஒன்றாக விழவைக்கும் சேஞ்சர் மேடைகளை ஆயிரக்கணக்கில் வார்த்துத் தள்ளியது. 1957ல் அங்கே 2,600 பேர் வேலை பார்த்தார்கள். யார் வேண்டுமானாலும் அந்த மேடையை மொத்தமாக வாங்கி, ஒரு மரப்பெட்டி அடித்து, ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் போட்டுத் தன் பெயரை ஒட்டி விற்கலாம். விற்றார்கள். இன்றைக்கு ஒரே சீனத் தொழிற்சாலையின் போன் பத்துப் பெயரில் வருவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதில்லை. பெயர்த் தகடு போய்விட்டால் பெட்டியின் ஊரைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்பதற்கும் இதுதான் காரணம்.

முன்பெல்லாம் வீட்டில் இசை என்பது கூடத்தில் இருக்கும் ரேடியோகிராம். பீரோ மாதிரி இருக்கும். அதில் என்ன ஓடலாம் என்பது அப்பாவின் முடிவு. கைப்பிடி வைத்த பெட்டி மாடியறைக்குப் போனது, கதவைச் சாத்திக்கொண்டது. 1959ல் மார்க் ஆப்ரம்ஸ் என்ற சந்தை ஆய்வாளர் பதின்பருவ நுகர்வோர் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். பள்ளியை விட்டு வேலைக்குப் போய் இன்னும் கல்யாணம் ஆகாத, 25 வயதுக்குட்பட்டவர்கள் அவர் கணக்கில் வருவார்கள். நாட்டில் ரெக்கார்டுக்கும் ரெக்கார்டு பிளேயருக்கும் செலவாகும் பணத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இவர்கள் கையிலிருந்து வந்ததாகக் கண்டார். முந்தின வருடம், 1958 அக்டோபரில், தவணை வியாபாரத்துக்கு அரசு வைத்திருந்த முன்பணக் கட்டுப்பாடுகளும் எடுக்கப்பட்டுவிட்டன. பக்கத்து வீட்டு அம்மா சொன்ன 1960 இந்தக் கதைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அதனாலேயே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பிளக்கில் சொருகாதே

பழைய வால்வுப் பெட்டி கையில் கிடைத்தவர் முதலில் செய்வது பிளக்கைச் சொருகிப் பார்ப்பது. முதலில் செய்யக்கூடாததும் அதுதான். இந்தப் பெட்டிகளில் மலிவான மாடல்கள் சிலவற்றில் மின்சாரத்தைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. சேசிஸ் தகடு நேராக மெயின்ஸ் கம்பியோடு இணைந்திருக்கும். பிளக்கை எந்தப் பக்கம் மாட்டினார்கள் என்பதைப் பொறுத்து அந்தத் தகட்டில் 240 வோல்ட் நிற்கும். சிலதில் தட்டைச் சுற்றும் மோட்டாரையே வால்வு இழைக்குத் தொடராகப் போட்டு, அதுவே வோல்டேஜைக் குறைக்கும்படி செய்திருப்பார்கள். ஒரு ரெசிஸ்டர் மிச்சம்! இன்ஜினியராகப் பார்த்தால் கைதட்டத் தோன்றும், அப்பாவாகப் பார்த்தால் வயிறு கலங்கும். பதின்பருவப் பிள்ளைகளின் படுக்கையறைக்குப் போன சாமான் இது.

என்னுடையதில் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது. நிம்மதி. மெயின்ஸ் ஒயர் சிவப்பும் கறுப்பும், எர்த் கிடையாது. இதுவே ஒரு தேதிக் குறிப்பு. பிரிட்டனில் 1970ஐ ஒட்டி இந்த ஒயர்களின் நிறம் பழுப்பு, நீலம் என்று மாறிவிட்டது. நம்ம ஊர் எலக்ட்ரீஷியன்கள் இன்றைக்கும் சிவப்பு-கறுப்புதான் என்பதால் எனக்கு அது வீட்டு ஞாபகம்.

உள்ளே இரண்டே வால்வுகள். ஈசிஎல் 82, ஈஇசட் 80. ஐரோப்பிய வால்வுகளின் பெயர் வெறும் மாடல் நம்பர் அல்ல, படிக்கத் தெரிந்தால் ஒரு வாக்கியம். முதல் எழுத்து இழைக்கு என்ன மின்சாரம் என்று சொல்லும். ஈ என்றால் 6.3 வோல்ட். சி என்றால் டிரையோடு, எல் என்றால் ஸ்பீக்கரை ஓட்டும் பென்டோடு. இரண்டும் சேர்ந்து வருகிறது என்றால் ஒரே கண்ணாடிக் குப்பிக்குள் இரண்டு வால்வுகள். இசட் என்றால் ஏசியை டிசியாக்கும் முழு அலை ரெக்டிஃபையர். எண் 80களில் இருந்தால் கீழே ஒன்பது முள் கொண்ட சின்ன அடிப்பாகம். சாஃப்ட்வேரில் மாறிகளுக்குப் பெயர் வைப்பதில் நாங்கள் செய்யும் அட்டூழியங்களை நினைத்தால், இந்தப் பெயரிடலைச் செய்தவர்களின் காலில் விழலாம்.

உப்புக்கல்

இரண்டே வால்வில் ஒரு அறையை நிரப்பும் சத்தம் எப்படி வந்தது? இந்தப் பெட்டியின் மலிவுக்கு ரகசியம் ஆம்ப்ளிஃபையரில் இல்லை, ஊசிக்குப் பின்னால் இருக்கிறது.

பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேபில் ஃபெலிங் கரைசல் கலந்த ஞாபகம் இருக்கும். அதில் ஒரு குப்பியில் இருப்பது ரோஷல் உப்பு, அதாவது பொட்டாசியம் சோடியம் டார்ட்ரேட். பிரான்ஸின் லா ரோஷல் நகரத்து மருந்துக்கடைக்காரர் சேனியெட் 17ஆம் நூற்றாண்டில் செய்தது, பேதி மருந்தாக விற்றது. 1880ல் ஜாக் கியூரி, பியேர் கியூரி சகோதரர்கள் சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் வருகிறது என்று காட்டியபோது அந்தப் பட்டியலில் இந்த உப்பும் இருந்தது. அழுத்தத்துக்கு மிக அதிகமாக மின்னழுத்தம் கொடுப்பது இதுதான். ரெக்கார்டு ஊசியின் அசைவை இந்த உப்புப் படிகத்தோடு இணைத்தால் அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று வரும். இன்றைக்கு நல்ல ஹைஃபை பிளேயர்களில் இருக்கும் காந்த வகை கார்ட்ரிட்ஜ் கொடுப்பது சுமார் ஐந்து மில்லிவோல்ட். இருநூறு மடங்கு வித்தியாசம்! காந்த வகையைப் போட்டிருந்தால் இன்னும் ஒரு வால்வும், ரெக்கார்டில் பதிவு செய்யும்போது குறைக்கப்பட்ட தாழ்வான சுரங்களைத் திருப்பி ஏற்றும் ஒரு சர்க்யூட்டும் வேண்டியிருக்கும். உப்புப் படிகம் அந்தச் சீர்படுத்தலையும் சுமாராகத் தானே செய்துவிடும். ஆக ஒரு வால்வு மிச்சம், ஒரு சர்க்யூட் மிச்சம். சோப்பு விலையில் கிடைக்கும் ஒரு உப்பு ஒரு தலைமுறைக்கே சொந்தமாக ஒரு இசைப்பெட்டியை வாங்கிக்கொடுத்தது என்று நான் சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப மிகை இல்லை.

உப்பு உப்புதானே. ஈரம் அதிகமானால் கசிந்து கரையும், ரொம்பக் காய்ந்தால் பொடியாகும், 55 டிகிரிக்கு மேல் சூடு தாங்காது. நம்ம ஊர் ஐப்பசி மழைக்கு இது எத்தனை வருடம் நின்றிருக்கும் என்று கேட்கவே வேண்டாம். என் பெட்டியின் கார்ட்ரிட்ஜைப் பிரித்தபோது படிகம் இருக்க வேண்டிய இடத்தில் பசை மாதிரி ஒரு வெள்ளைக் கறை. அதை ஒரு சின்ன டப்பியில் எடுத்து வைத்தேன்.

மாற்றாக இன்று கிடைப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ். ஈரத்துக்கு அசையாது, ஆனால் வோல்ட் குறைவு. சத்தமும் கொஞ்சம் குறையும். ஊசியைத் திருப்பிப்போடும் ஒரு சின்ன நெம்பு அதில் உண்டு. எல்பிக்கும் 45க்கும் ஒரு முனை, 78க்கு மூன்று மடங்கு தடித்த முனை. 78 வகை அரக்குத் தட்டு. அந்த அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்து, சோட்டா நாக்பூர் காட்டு மரங்களில் பூச்சி கட்டியது. பிரிட்டனில் 1960 வாக்கில் 78 தட்டு அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். கல்கத்தாவில் டம்டம் தொழிற்சாலையில் அதற்கப்புறமும் அடித்தார்கள், பீட்டில்ஸ் பாட்டுகளைக்கூட. மின்சாரம் வராத ஊர்களில் சாவி கொடுக்கும் கிராமபோன்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அந்த இந்திய பீட்டில்ஸ் 78 தட்டுகளுக்கு இன்று சேகரிப்பாளர்கள் கொடுக்கும் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

ஒரு கண்டென்சர்

வேலையின் மற்ற பகுதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேடைக்கு அடியில் கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தது. ஆல்கஹால் போட்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை துடைத்தேன். மோட்டாரின் திருகலைத் தட்டுக்குக் கடத்தும் ரப்பர் சக்கரம் ஒரே இடத்தில் அழுந்தி நின்றதில் தட்டையாகியிருந்தது. அதை மெல்ல உப்புத்தாளில் தேய்த்துச் சரிசெய்தேன், முழுதாகச் சரியாகவில்லை.

நேரம் எடுத்தது ஒரு கண்டென்சர். ஈசிஎல் 82 குப்பியின் முதல் பாதியிலிருந்து சத்தத்தை இரண்டாம் பாதிக்கு எடுத்துப் போகும் 0.01 மைக்ரோஃபாரட் காகிதக் கண்டென்சர். ஒரு பக்கம் 100 வோல்ட் டிசி நிற்கும். அது மறுபக்கம் போகக்கூடாது, பாட்டின் அலை மட்டும் போக வேண்டும். காகிதம் அறுபது வருடத்தில் ஈரம் குடித்துவிடும். சாதாரண மீட்டரில் வைத்தால் நல்லது என்றே காட்டும். 100 வோல்ட் கொடுத்துப் பார்த்தேன். ஆயிரக்கணக்கான மெகா ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 4 மெகா ஓம். மறுபக்கம் கிரிட்டிலிருந்து தரைக்கு இருப்பது 1 மெகா ஓம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பூஜ்யத்தில் இருக்க வேண்டிய கிரிட்டில் 20 வோல்ட். வால்வைக் கட்டுக்குள் வைத்திருக்கும் எதிர் அழுத்தமே சுமார் 16 வோல்ட்தான். ஸ்கிப்பிலிருந்து எடுத்த அன்றைக்கே பிளக்கில் சொருகியிருந்தால் வால்வு உள்ளே சிவக்கும், கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கர் டிரான்ஸ்ஃபார்மரின் தலைமுடி மெல்லிய கம்பி எரிந்துபோகும். அது போனால் இந்தப் பெட்டிக்கு ஏற்றது தேடுவது பெரும்பாடு. காசு பெறாத ஒரு துண்டு, பெட்டியைக் கொன்றிருக்கும்.

அதன் பக்கத்தில் இன்னொரு கண்டென்சர் மட்டும் வேறு நிறம், மஞ்சள். சேசிஸ் தகட்டில் பென்சிலால் "3/71" என்று எழுதியிருந்தது. யாரோ ஒரு மெக்கானிக் 1971 மார்ச்சில் இதைத் திறந்து ஒன்றை மாற்றி, தேதி போட்டு மூடியிருக்கிறார். அவருடைய பற்றவைப்பு அழகாக இருந்தது, என்னுடையதைவிட.

மற்ற இடங்களில் ஈயம் யாரும் தொடாமல், முதல் நாள் பூசிய அரக்கு வர்ணத்தோடு இருந்தது. இங்கேதான் எனக்குக் கை நின்றது. பழைய பாகத்தைப் பிடுங்கிப் போட்டால் பெட்டி பாடும், ஆனால் சாட்சி போகும். இணையத்தில் பலர் இந்தப் பெட்டிகளின் குடலை மொத்தமாக உருவிவிட்டு உள்ளே ப்ளூடூத் ஆம்ப்ளிஃபையர் வைக்கிறார்கள். மன்னிக்கவும், அது ரெக்ஸின் ஒட்டிய ஸ்பீக்கர், ரெக்கார்டு பிளேயர் அல்ல. நான் எடுத்த முடிவு: ஆபத்தானதை மட்டும் மாற்றுவது, அதற்கு முன் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, ஒவ்வொரு பாகத்திலும் இருக்கும் எழுத்தைப் படித்துக் குறித்துக்கொள்வது.

படித்தபோதுதான் 1960 ஆட்டம் கண்டது.

பி-2-பி-1

இரண்டு வால்வும் முல்லார்டு தயாரிப்பு. வடமேற்கு இங்கிலாந்தில் பிளாக்பர்ன் ஊரில் இருந்த பெரிய தொழிற்சாலை. (பிலிப்ஸின் கையில் இருந்த கம்பெனி அது. பெங்களூரில் பெல் நிறுவனமும் 1961லிருந்து ரேடியோ வால்வு செய்தது.) முல்லார்டு வால்வின் அடிக் கண்ணாடியில், சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரியும் சாம்பல் நிறத்தில், ஒரு சின்னக் குறியீடு உண்டு. முதல் எழுத்து தொழிற்சாலை. பிறகு வருடத்தின் கடைசி இலக்கம், மாதத்துக்கு ஏ முதல் எல் வரை ஒரு எழுத்து, கடைசியில் வாரம். என் ஈஇசட் 80ல் பி-1-எல்-3. ஈசிஎல் 82ல் பி-2-பி-1. அதாவது பிளாக்பர்ன், 1ல் முடியும் வருடம், டிசம்பர், மூன்றாம் வாரம். அடுத்தது 2ல் முடியும் வருடம், பிப்ரவரி, முதல் வாரம்.

பத்தாண்டைக் குறியீடு சொல்லாது. அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1952 முடியாது, ஈசிஎல் 82 வந்ததே 1950களின் நடுவில். 1972ஆக இருக்கலாமா? 71ல் ஒருமுறை ரிப்பேர் ஆகியிருக்கிறதே, அடுத்த வருடமும் வால்வு போட்டிருக்கலாமே? ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்த்தேன். காகிதக் கூம்பின் பின்னால் மை முத்திரை: 1962 ஜனவரி. அதன் ஈயமும் முதல் நாள் ஈயம்தான். மூன்றும் பத்து வாரத்துக்குள் அடுத்தடுத்து வருகின்றன.

இந்த மாதிரி தேதிகள் ஒன்றை மட்டும்தான் உறுதியாகச் சொல்லும்: இதற்கு முன்னால் இல்லை. பின்னால் எவ்வளவு என்று சொல்லாது. பாகங்கள் கிடங்கில் கிடக்கும், பெட்டி கடையில் கிடக்கும். ஆனால் 1962 பிப்ரவரிக்கு முன்னால் இந்தப் பெட்டி இந்த உருவத்தில் இருந்திருக்க முடியாது. 1960 ஏப்ரலில் யாரும் இதை யாருக்கும் வாங்கித் தந்திருக்க முடியாது.

நான் அதை அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். எண்பது வயதில் ஒருவருக்கு இரண்டு வருடம் முன்பின்னாக ஞாபகம் இருந்தால் என்ன போயிற்று?

100 வாட் குண்டு பல்பைத் தொடராகப் போட்டு (இந்த பல்புகளைத் தேடிப் பிடிப்பதே இங்கே இப்போது ஒரு வேலை) மெல்ல மின்சாரம் கொடுத்தேன். பல்பு ஒரு கணம் மின்னி மங்கியது. நல்ல அறிகுறி. அரை நிமிடத்தில் வால்வு இழைகள் ஆரஞ்சாக வந்தன, ஸ்பீக்கரில் லேசான ஹம். கடையில் ஒரு பவுண்டுக்கு வாங்கிய ஷேடோஸ் குழுவின் 45 தட்டைப் போட்டேன். கிட்டார் கொஞ்சம் தூக்கலான சுருதியில் வந்தது. ஸ்ட்ரோப் தட்டு வைத்து அளந்ததில் வேகம் 46. ஹைஃபை நண்பர் ஒருவர் கேட்டுவிட்டு, "எட்டு கிராம் எடையில் ஊசி தட்டை உழுகிறது" என்றார். உண்மைதான். நல்ல ஸ்டீரியோ தட்டு எதையும் இதில் வைக்க மாட்டேன். ஆனால் பாடகன் மூச்சு விடும் நடு ஸ்தாயியில் இந்த மரப்பெட்டிக்கு ஒரு கதகதப்பு இருக்கிறது. அதற்குக் காரணம் வால்வு என்பார்கள். பாதிக்கு மேல் பெட்டியும் ஸ்பீக்கரும்தான் காரணம் என்பது என் கட்சி.

காரில் வைத்து அந்த அம்மாவின் புது ஃப்ளாட்டுக்கு எடுத்துப்போனேன். கேட்டார், சிரித்தார், காலால் தாளம் போட்டார். பிறகு அவரே கேட்டார், "உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே. எந்த வருஷத்துப் பெட்டி இது?" பொய் சொல்ல நான் தயாராகப் போகவில்லை. 62, அதற்கு முன்னால் இருக்க வாய்ப்பில்லை என்றேன். வால்வைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாய்த்துப் பார்த்தார்.

"அப்பா 60 நவம்பர்லயே போயிட்டார்" என்றார்.

நான் ஏதாவது சமாளிக்கலாமா என்று பார்த்தேன். பாகங்களை அப்புறம் மாற்றியிருக்கலாம் என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் பெட்டியின் மூடியையே தடவிக்கொண்டிருந்தார். அந்த வருஷம் அம்மா பிஸ்கட் ஃபாக்டரியில் சாயங்கால ஷிப்டுக்குப் போனார் என்றார். ரெடிங் அன்றைக்கு பிஸ்கட்டுக்குப் பேர்போன ஊர், ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் ஆலையை நம்பி எத்தனையோ குடும்பங்கள் இருந்தன. வாரா வாரம் வெள்ளிக்கிழமை ஒருவர் கதவைத் தட்டுவார், அம்மா ஒரு சின்னப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு காசு கொடுப்பார். "எதுக்குன்னு நான் கேட்டதே இல்லை. நான் கத்தித் தீர்ப்பேன், ஏன் இன்னிக்கும் லேட்டுன்னு." அப்புறம் தட்டை இன்னொரு முறை போடச் சொன்னார்.

நான் சொன்னது சரியா என்று எனக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பாவிடமிருந்து ஒன்றைப் பிடுங்கிவிட்டேன் என்று வீட்டில் மனைவி ஒரே போடாகப் போட்டாள். ஃப்ளாட்டில் இடமில்லை, நீயே வைத்துக்கொள் என்று அந்த அம்மா பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஆனால் மாதம் ஒருமுறை கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு.

டான்செட் கம்பெனி 1969ல் மூடியது. டிரான்சிஸ்டரும் ஜப்பானியப் பெட்டிகளும் வந்துவிட்டன. பதினேழு வருடம்தான் அந்தக் காலம். 71ல் அந்த மெக்கானிக் கண்டென்சர் மாற்றியபோதே இது பழைய சாமான்.

கழற்றிய பாகங்களை, கசிந்த காகிதக் கண்டென்சர், உப்புக் கறை டப்பி உட்பட, ஒரு உறையில் போட்டுப் பெட்டியின் உள்சுவரில் ஒட்டியிருக்கிறேன். கூடவே ஒரு தாள். எதை மாற்றினேன், எதைத் தொடவில்லை, ரப்பர் சக்கரம் இன்னும் சரியில்லை, ஹம் கொஞ்சம் மிச்சம். கடைசியில் அந்த அம்மா எழுதச் சொன்ன ஒரு வரி, அம்மா வாங்கியது, 1962, தவணையில். அதற்குக் கீழே பென்சிலால் மாதமும் வருடமும் மட்டும் போட்டேன்.